போனில் வரும் வெள்ளி ரூபாய்: படம் பார்த்துத் தரம் அறியச் சில குறிப்புகள்

எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் பழைய வீடுகள் பலவற்றில் அப்பத்தா காலத்து வெள்ளி ரூபாய் இன்னும் இருக்கிறது. சுருக்குப்பையிலிருந்து தகரப் பெட்டிக்கும், அங்கிருந்து பீரோவுக்கும் வந்து சேர்ந்த காசுகள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இவற்றில் பல பட்டறைக்குப் போய் உருகிவிடுகின்றன. இப்போது பிள்ளைகள் போனில் படம் எடுத்துப் போட்டு விற்கிறார்கள். படம் பார்த்து வாங்கவும் செய்கிறார்கள். ஒரே வருஷத்து ஜார்ஜ் ரூபாய்க்கு ஒருவர் வெள்ளி விலை சொல்கிறார், இன்னொருவர் பல மடங்கு கேட்கிறார். இரண்டுமே நியாயமாக இருக்கலாம். காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாராவது அதைத் துலக்கினார்களா, எங்காவது வளையம் பற்றவைத்தார்களா என்பதைப் பொறுத்தது அது. காசு சேர்ப்பவர்கள் இதைத்தான் கிரேடு என்கிறார்கள். இதில் பெரும்பகுதியைப் படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். படத்தில் கண்டுபிடிக்க முடியாதது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் தலையையும் வருஷத்தையும் பாருங்கள். 1840 ரூபாயில் கிரீடம் இல்லாத இளம் விக்டோரியா, பின்பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர். 1862 முதல் கிரீடம் வைத்த விக்டோரியா. 1876 வரை 'குயின்' என்றும், 1877 முதல் 1901 வரை 'எம்பிரஸ்' என்றும் எழுத்து இருக்கும். 1903 முதல் 1910 வரை கிரீடம் இல்லாத, தாடி வைத்த ஏழாம் எட்வர்டு. 1911 முதல் 1922 வரை கிரீடமும் அங்கியுமாக ஐந்தாம் ஜார்ஜ். 1938 முதல் 1945 வரை தாடியில்லாத ஆறாம் ஜார்ஜ். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு இடத்தில் தேயும். அதனால் யார் என்று தெரியாமல் தேய்மானத்தைப் பார்க்க முடியாது.

2. அடிமட்ட விலையைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. ஆக, ஒரு காசில் சுமார் 10.7 கிராம் வெள்ளி இருக்கிறது. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் எடை அதேதான், வெள்ளி பாதிதான், 5.8 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற கோடு கிடைத்துவிடும். அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் படம் காரணம் காட்ட வேண்டும்.

3. 1947 என்று போட்டு, பின்பக்கம் புலி நிற்கிற ஒரு ரூபாயை 'வெள்ளி' என்று யாராவது அனுப்பினால் வாங்காதீர்கள். அது நிக்கல். காந்தத்தில் ஒட்டும்.

4. நான்கு பார்வை கேளுங்கள். தலைப்பக்கம் நேராக ஒரு படம், பூப்பக்கம் நேராக ஒரு படம், காசைச் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தைச் சுற்றி ஒரு படம், மெதுவாகச் சாய்த்துத் திருப்புகிற பத்து விநாடி வீடியோ. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நுணுக்கமான கீறல்களும் முடியிழைகளும் கரைந்துபோகும். 'டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று கேட்டால் முழு அளவில் வரும். இதைச் செய்வதில் விற்பவருக்கு ஒரு சிரமமும் இல்லை. செய்ய மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதும் இல்லை.

5. காசுக்குப் பக்கத்தில் இன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய துண்டுச்சீட்டை வைத்து ஒரு படம் கேளுங்கள். யாரோ எங்கேயோ விற்ற நல்ல காசின் படத்தை எடுத்துத் தன்னுடையதாகப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. சந்தேகம் இருந்தால் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே கீறல், அதே கறையோடு வேறு ஊரில் அந்தக் காசு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

6. கிரேடு பார்ப்பதன் அடிப்படை ஒன்றுதான்: மேடான இடம் முதலில் தேயும். படத்தைப் பெரிதாக்கி, முகம் முழுவதையும் ரசித்துக்கொண்டிருக்காமல், அந்த மேடுகளுக்கு நேராகப் போங்கள்.

விக்டோரியாவில் நெற்றியோரத்தில் காதுக்கு மேலே உள்ள கூந்தல், கிரீடத்தின் கற்கள், கழுத்து மாலை, மேலாடையின் பூவேலை. இந்தப் பூவேலைதான் நல்ல அளவுகோல். ரவிக்கைப் பகுதியில் கோலம் போட்டாற்போல் நுணுக்கமான வேலைப்பாடு இருக்கும். புழங்கிய காசில் அது வழவழவென்று ஒரே பரப்பாகிவிடும். கன்னம் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கன்னத்தில் வேலைப்பாடே கிடையாது, அது தேய்ந்தாலும் தெரியாது.

எட்வர்டில் காது, காதுக்கு மேல் உள்ள முடி, மீசை, தாடி. தலைமுடி இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல காசு. எட்வர்டு ரூபாய் நிறைய கைமாறிய காசு என்பதால் முழு முடியோடு கிடைப்பது அரிது. கிடைத்தால் விடாதீர்கள். பூப்பக்கம் மேலே இருக்கும் கிரீடத்தையும் இரு பக்கமும் ஏறும் அல்லிப் பூக்களின் இதழ்களையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆறாம் ஜார்ஜில் புருவம், காது, கிரீடத்தின் பட்டை. இவை பெரும்பாலும் கொஞ்ச காலமே புழங்கியவை. அதனால் இவற்றில் நடுத்தரக் காசுக்கு நல்ல விலை கொடுக்க வேண்டியதில்லை.

7. ஐந்தாம் ஜார்ஜைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை இவைதான். மன்னரின் அங்கியில், மார்புப் பக்கம், விருதுச் சங்கிலியில் ஒரு சின்ன யானை இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தும்பிக்கை, காது, கால் எல்லாம் தெரியும். இந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911ல் முதன்முதலாக வந்த ஜார்ஜ் ரூபாயில் யானையின் தும்பிக்கை குட்டையாகவும் கால்கள் சிறியதாகவும் அமைந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம் மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. அடித்த 94 லட்சம் ரூபாயில் ஏறத்தாழ 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912ல் தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும் யானையோடு புதிய அச்சு செய்தார்கள்.

1911 ரூபாயை இன்றைக்கும் 'பன்றி ரூபாய்' என்றே சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அதனால் 1911 என்று வந்தால் வருஷத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் யானையையும் பெரிதாக்கிப் பாருங்கள். 1912 முதல் வந்த காசில் எண்ணைத் திருத்தியிருந்தால் யானை காட்டிக்கொடுத்துவிடும்.

மற்ற வருஷங்களுக்கு யானையையே கிரேடு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் (கிரேடு எழுத்துகளின் பொருள் அடுத்த குறிப்பில்). யானை வெறும் உருண்டையாகத் தெரிந்தால் ஃபைன் தரத்துக்கு மேல் போகாது. யானை என்று அடையாளம் தெரிந்து, கால்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் விஎஃப். கால்களும் தும்பிக்கையும் தனித்தனியாகப் பிரிந்து, புருவத்திலும் காதிலும் மட்டும் லேசான உரசல் இருந்தால் எக்ஸ்எஃப். அங்கியின் மற்றப் பூவேலையும் தாடி இழைகளும் இந்த முடிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பத்தாம் குறிப்பைப் பாருங்கள்.

8. கிரேடு எழுத்துகளைப் புரிந்துகொள்ளுங்கள். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949ல் தம் நாட்டுப் பழைய செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை எண் கொடுக்கும் முறையை வகுத்தார். இன்று உலகின் பல பகுதிகளிலும் அதைப் பின்பற்றுகிறார்கள். 12, 15 என்றால் ஃபைன். 20 முதல் 35 வரை விஎஃப். 40, 45 எக்ஸ்எஃப். 50 முதல் 58 வரை ஏயு, அதாவது புழக்கத்துக்குப் போனது தெரிந்தும் தெரியாததுமான நிலை. 60க்கு மேல் யுஎன்சி, புழங்காத காசு. விலை இந்த ஏணியில் சீராக ஏறாது. ஃபைனுக்கும் விஎஃப்புக்கும் அதிக வேறுபாடு இருக்காது. ஏயுவிலிருந்து யுஎன்சிக்குப் போகும்போது குபீரென்று ஏறும். ஏமாற்று நடப்பதும் அந்த ஒரு படியில்தான். 'டாப் கிரேடு', 'சூப்பர் கண்டிஷன்' போன்ற சொற்கள் இந்த ஏணியில் எங்குமே இல்லை.

9. ஏயுவா யுஎன்சியா என்பதை அசையாத படத்தில் தீர்மானிக்கவே கூடாது. இது என் உறுதியான கருத்து. அச்சிலிருந்து புதிதாக வந்த வெள்ளிக் காசின் பரப்பில், உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடிய நுண்ணிய கோடுகள் இருக்கும். காசைச் சாய்த்தால் வெளிச்சம் அந்தக் கோடுகளில் பட்டு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வரும். புழங்கிய காசில் இந்தச் சுழற்சி மேடான இடங்களில் அறுந்துபோகும். கன்னத்திலும் முடியிலும் வந்ததும் வெளிச்சம் மங்கி, சாம்பல் நிறமாகத் திட்டு விழும். அமிலத்தில் அளவுக்கு மீறி முக்கியெடுத்த காசிலோ சக்கரமே வராது; வெள்ளையடித்த சுவர் மாதிரி எங்கும் ஒரே வெளுப்பாக இருக்கும். இதெல்லாம் வீடியோவில் மட்டுமே தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், காசை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். வீடியோ தராவிட்டால் எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் ஏயு என்று வைத்தே விலை சொல்லுங்கள்.

10. எல்லா மழுங்கலும் தேய்மானம் ஆகாது. அச்சு சரியாக அழுந்தாமல் பிறக்கும்போதே மழுங்கிய காசுகளும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். மழுங்கிய இடத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்திலும் அதேபோல் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அழுத்தக் குறைவு. மழுங்கிய இடத்தில் சுற்றுப்புறத்துப் பளபளப்பு அப்படியே தொடர்கிறதா என்றும் பாருங்கள். தொடர்ந்தால் அழுத்தக் குறைவு, நிறம் மங்கினால் தேய்மானம்.

11. பின்னணித் துணி முக்கியம். வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தால் போன் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நல்ல காசும் கறுத்துத் தெரியும். கறுப்பு வெல்வெட்டில் வைத்து எடுத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். காசு பொங்கி வெளுத்து, மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும். ஆகவே கறுப்புத் துணியில் ஜொலிக்கிற காசைப் பார்த்தால் சாம்பல் நிறத் துணியில் ஒரு படம் கேளுங்கள். விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒளிர்ந்தாலோ, எழுத்துகளின் ஓரம் கத்தி போலக் கூர்மையாகத் தெரிந்தாலோ, போனின் எடிட்டிங்கில் கூர்மையைக் கூட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தில் தெரியும் தாடி இழையைத் தாடி இழையென்று நம்ப வேண்டாம்.

12. துலக்கிய காசு. நம் பக்கத்துக் காசுகளுக்குப் பெரிய எதிரி இதுதான். பொங்கலுக்கும் ஆடி வெள்ளிக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் திருநீறும் போட்டு இவற்றையும் தேய்த்திருப்பார்கள். பற்பசை, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பவுடர் என்று இன்றைக்கும் தொடர்கிறது. தேய்க்கிறவர்களுக்கு அது பக்தி, சுத்தம். ஆனால் ஒரு தடவை அழுத்தித் துலக்கினாலே மேல்பரப்பின் அச்சுக் கோடுகள் போய்விடும், போனால் திரும்பாது. எக்ஸ்எஃப் காசு கூட வெள்ளி விலைக்கு அருகில் வந்து நிற்கும்.

படத்தில் இதை எப்படிக் காண்பது? முகத்துக்கும் எழுத்துகளுக்கும் இடையே உள்ள வெற்றுப் பரப்பைப் பெரிதாக்குங்கள். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் கூட்டமாகத் தெரிந்தால் துணியோ நாரோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வட்ட வட்டமாக இருந்தால் விரலால் பவுடர் வைத்துத் தேய்த்தது. புழக்கத்தில் விழும் கீறல்கள் இப்படி வரிசை கட்டி நிற்காது. அவை குறுக்கும் நெடுக்குமாக, சிறிதும் பெரிதுமாக இருக்கும். இன்னொரு அடையாளம்: பரப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்க, எழுத்துகளின் உள்மூலைகளிலும் பூவிதழ்களின் அடியிலும் மட்டும் கறுப்பு அப்பிக்கிடக்கும். நூறு வருஷத்துக் காசு, அங்கியின் பூவேலையெல்லாம் தேய்ந்துபோய், ஆனால் நேற்று வாங்கிய கொலுசு போல மின்னினால் அது துலக்கிய காசு. வேறு விளக்கம் கிடையாது.

13. கறுப்பைக் கண்டு ஒதுக்காதீர்கள். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. தாளிலோ மரப்பெட்டியிலோ பல்லாண்டு கிடந்த காசில், விளிம்பில் தொடங்கி உள்ளே நோக்கிப் பொன்னிறம், செம்பழுப்பு, நீலம் என்று படிப்படியாக நிறம் மாறும். சேகரிப்பவர்கள் அதற்கு அதிக விலையே தருவார்கள். நிறம் திடீரென்று வெட்டினாற்போல் மாறினாலோ, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே பூச்சாக அடர் ஊதா படிந்திருந்தாலோ, கந்தகம் காட்டிக் கறுக்க வைத்தது. துலக்கிய கீறலுக்கு மேலேயே கறுப்பு படிந்திருப்பதும் உண்டு. அப்போது கீறல்தான் கணக்கு.

14. வளையத் தடம். காசுமாலையிலும் பிள்ளைகளின் அரைஞாணிலும் கோப்பதற்காக ஆசாரியிடம் கொடுத்து மேல் விளிம்பில் வளையம் பற்றவைப்பது நம் வழக்கம். பிறகு எடுத்துவிட்டு, அரம் போட்டு வழித்துவிடுவார்கள். நேர்ப்படத்தில் இது தெரியாமலே போகலாம். அதற்காகத்தான் ஓரத்தின் படம். தலைக்கு நேர் மேலே, ஓரத்து வரிக்கோடுகள் சுண்டுவிரல் நகம் அளவுக்காவது மறைந்து வழவழப்பாக இருக்கிறதா, அங்கே மட்டும் நிறம் மாறியிருக்கிறதா, விளிம்புப் புள்ளிகள் உருகிக் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வளையம் வைத்த காசுக்குக் கிரேடு எண் கிடையாது. குடும்பத்து நினைவாக வைத்துக்கொள்ள அது போதுமான காசு. சேகரிப்பு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

15. முகத்திலோ பரப்பிலோ சின்னப் பூ, நட்சத்திரம், பிறை போன்ற குத்து இருந்தால் அது பெரும்பாலும் காசு மாற்றும் சராப்புக்காரர்கள் அன்று காசைச் சோதித்து வைத்த அடையாளம். கம்பெனிக் காலத்துக் காசில் அதற்கு ஒரு வரலாற்று மதிப்பு உண்டு. கிரேடு குறையத்தான் செய்யும்.

16. பூப்பக்கத்துப் புள்ளிகளை எண்ணுங்கள். 1862 என்று போட்ட ரூபாயை அதே வருஷ எண்ணோடு 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். பம்பாயில் அடித்தவற்றில் வருஷ எண்ணுக்கு அருகே வைத்த சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். சில வகைகள் சாதாரணம், சில அரிது. சென்னையிலும் அன்று ரூபாய் அடித்தார்கள். அந்தத் தங்கசாலை 1869ல் மூடப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜில் பூப்பக்கம் கீழே உள்ள தாமரைக்கு அடியில் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. எட்வர்டில் கீழ்ப் பூவுக்குள் உள்ளழுந்திய 'பி' எழுத்து பம்பாயைக் குறிக்கும். இவை ஊசிமுனை அளவுதான். படத்தில் தெரியாவிட்டால் அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

17. 'அரிய காசு' என்ற பேச்சை வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1918, 1919, 1920 ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, காகித நோட்டை மாற்ற மக்கள் நெருக்கிய சமயம், அமெரிக்கா 1918ல் பிட்மன் சட்டம் இயற்றித் தன் வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கியது. அந்த வெள்ளியில் மிகப் பெரும்பகுதி இங்கே வந்து ரூபாயானது. எழுமலைப் பெட்டியில் கிடக்கிற 1919 ரூபாயில் அமெரிக்க டாலரின் வெள்ளி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த மூன்று வருஷத்துக் காசுகளும் தேய்ந்த நிலையில் வெள்ளி விலைக்கே போகும். எக்ஸ்எஃப்புக்கு மேல் இருந்தால்தான் கூடுதல். ஜார்ஜ் வரிசையில் அரியவை 1921, 1922. ஆறாம் ஜார்ஜில் 1939. இந்த 1939 ரூபாய்க்குப் போலிகளும், கடைசி எண்ணைத் திருத்திய காசுகளும் அலைகின்றன. படத்தை மட்டும் நம்பி 1939ஐ வாங்கவே வேண்டாம்.

18. கேட்கும் விலையை விற்ற விலையாக நினைக்காதீர்கள். மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலப் பட்டியல்களைப் படத்தோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே வருஷம், அதே தங்கசாலைக் காசை அங்கே தேடி, பக்கத்தில் உங்களுக்கு வந்த படத்தை வைத்து ஒப்பிடுங்கள். கண் பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

19. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, எண் போட்டு வரும் காசு. காசுக்குக் கிரேடு போடும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986லும் என்ஜிசி 1987லும் இந்த முறையைத் தொடங்கின. பெட்டியின் மேல் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் காசின் விவரம் வரும். பல காசுகளுக்குப் படமும் வரும். படத்தில் உள்ள கறையும் கீறலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போலிப் பெட்டிகளும் இருப்பதால் எண் சரியாக இருப்பது மட்டும் போதாது.

20. படம் சொல்ல முடியாத ஒன்று எடை. நகைத் தராசில் வைத்து, எண் தெரிய ஒரு படம் கேளுங்கள். பழைய நாணயச் சட்டத்தில் ரூபாய் 2 சதவீதம் வரை எடை குறையலாம் என்று வைத்திருந்தார்கள். அதாவது 11.43 கிராம் வரை. நன்றாகத் தேய்ந்த காசு அதற்கும் கீழே போகலாம். ஆனால் 'புழங்காத காசு' என்று சொல்லிவிட்டு 11.2 காட்டினால் அது பொய். எடை கூடியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

காசு கைக்கு வந்த பிறகு தண்ணீர்ச் சோதனை செய்யலாம். தராசில் ஒரு சின்னத் தம்ளரில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீரில் முழுக்கப் பிடியுங்கள். 91.7 சதவீத வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 கிராமுக்கு அருகில் காட்டும். பாதி வெள்ளிக் காசு 1.22 அளவில் காட்டும். 1.3க்கு மேல் போனால் அது வெள்ளியே இல்லை. எடுத்ததும் மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்கக் கூடாது.

வார்த்துச் செய்த போலியைப் படத்திலும் பிடிக்கலாம். எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், பரப்பில் குண்டூசி முனை அளவுக் குழிகள் இருக்கும், ஓரத்தில் சுற்றிலும் ஒரு இணைப்புக் கோடு ஓடும்.

21. மதுரை தெற்காவணி மூலவீதிக்கோ உசிலம்பட்டிக்கோ எடுத்துப்போய் எடை பார்க்கும்போது, உரைகல்லில் உரசவும் ஓரத்தில் சுரண்டவும் விடாதீர்கள். நகைக்கு அது சரி, காசுக்கு ஆகாது. 'எடை மட்டும் பாருங்கண்ணே' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

22. நீங்கள் விற்பவராக இருந்தால் காலை வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ வைத்து எடுங்கள். சாம்பல் நிறத் துணி. போனைக் காசுக்கு இணையாக, சற்று உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் உருவம் கோணாது. காசை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை பரப்பில் பட்டால் சில மாதத்தில் கறையாக நின்றுவிடும். குறையைத் தனியாக ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். வளையத் தடத்தை நீங்களே காட்டினால் காசு திரும்பி வராது, பேச்சும் வராது.

23. 'உங்கள் பழைய காசை லட்ச ரூபாய்க்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று வரும் செய்திகளுக்குப் பதில் போடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு இப்படிக் கமிஷன், வரி என்று கேட்கிறார்கள், நாங்கள் இந்த வேலையில் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பணம் கட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

24. சட்டத்தில் இரண்டு விஷயம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன காசு தொல்பொருள். விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் முழுவதும், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 1922 வரைக்கும் இதில் வந்துவிட்டன. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் உறவினர் கேட்டாலும் தபாலில் அனுப்பக் கூடாது. வீடு இடித்துக் கட்டும்போதோ தோட்டம் உழும்போதோ பானையோடு காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மதுரைப் பக்கத்து மண்ணில் ராணி ரூபாயைவிடப் பழையதும் கிடைக்கும். கீழடியில் 2021ல் முத்திரை குத்திய வெள்ளிக் காசு கிடைத்தது. புதையலைப் படம் எடுத்து விற்பனைக்குப் போடுகிறவர் காசையும் இழப்பார், வழக்கிலும் மாட்டுவார்.

25. பூஜைக்குத் தேய்ந்த காசைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். லட்சுமி பூஜைக்குப் பாலும் மஞ்சளும் குங்குமமும் அதில் படட்டும். எக்ஸ்எஃப்புக்கு மேல் உள்ளதை அதில் சேர்க்க வேண்டாம். குங்குமத்தின் சிவப்பு எழுத்துகளுக்கிடையே ஏறினால் எடுப்பது கஷ்டம்.

26. நல்ல காசைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். இரண்டிலும் கந்தகம் உண்டு. ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் சில வருஷத்தில் பச்சையாக எண்ணெய் போலக் கசியும். அட்டையில் கண்ணாடித் தாள் ஒட்டிய காசு உறைகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அவை போதும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

27. ஒரு நோட்டில் காசு ஒன்றுக்கு ஒரு வரி எழுதுங்கள். யார் தலை, வருஷம், புள்ளியோ எழுத்தோ இருக்கிறதா, எடை, நீங்கள் போட்ட கிரேடு, யாரிடமிருந்து வந்தது, அம்மாச்சி கொடுத்ததா, கடையில் வாங்கியதா. இருபக்கப் படத்தையும் எடுத்து, நோட்டில் உள்ள எண்ணையே படத்துக்குப் பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள். நோட்டைக் காசுப் பெட்டியில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த உறை கறுக்க வைக்கிறது, எந்தக் காசில் பச்சை ஏறுகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.